விருந்தினர் அறையில் இரண்டு புள்ளிகள்

கட்டடத் துறையின் தலைமையகம்தான் அந்த ஊரிலேயே பெரிய கட்டடம். அதைக் கட்டி முடித்த பிறகு துறைக்கு வேறு கட்டடம் கட்ட நேரம் கிடைக்கவில்லை. இந்த ஒன்றைப் பெருக்கி, வெள்ளையடித்து, விளக்கு மாற்றி, ஒழுகும் குழாயை அடைக்கவே ஆள் போதவில்லை. ஆளைக் கூட்டினால் அவர்கள் உட்கார இடம் வேண்டுமே என்று பின்பக்கம் இன்னும் கொஞ்சம் கட்டினார்கள். கட்டியதைப் பார்த்துக்கொள்ள மறுபடி ஆள் எடுத்தார்கள். துறை இப்படித்தான் வளர்ந்தது.

வளர்ந்த வளர்த்தியில், ஒரு நாள் சாப்பிடப் போன இயக்குநரே திரும்பி வரவில்லை. கட்டடம் முழுக்கத் தேடினார்கள். சாயங்காலம், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கும் அறையில், உடையாத ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்ததை, பெருக்குகிற அம்மா கண்டுபிடித்தார். அது தன் அறை இல்லை என்பது இயக்குநருக்கு உள்ளே போனதுமே தெரிந்துவிட்டதாம். வெளியே வந்து வழி கேட்பது பதவிக்கு அழகில்லை என்று பேசாமல் இருந்துவிட்டார்.

அதன் விளைவாகப் பிறந்ததுதான் இருப்பிடம் அறியும் திட்டம். ஒவ்வொரு ஊழியரும் இரண்டு கருவிகளைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒன்று கணுக்காலில், எத்தனை எட்டு வைத்தார், எவ்வளவு தூரம் போனார் என்று அது பார்த்துக்கொள்ளும். மற்றது இடுப்பில், எந்தப் பக்கம் திரும்பினார், எத்தனை மாடி ஏறினார் என்று அது சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிந்துவிடும் என்று கருவியை விற்க வந்தவர் விளக்கினார். ஊழியர்கள் முதல் நாளே கால் கருவிக்குக் கொலுசு என்றும் இடுப்புக் கருவிக்கு ஒட்டியாணம் என்றும் பெயர் வைத்துவிட்டார்கள்.

துறைக்கு விளக்கம் புரிந்தது. ஆனால் பிடிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒரே அதிகாரி, ஒரே கார், ஒரே குளிர்சாதன அறை. அதனால் கால் பிரிவு, இடுப்புப் பிரிவு என்று இரண்டு பிரிவுகள் தொடங்கினார்கள். கால் பிரிவு அதிகாரி தன் கணக்கை இடுப்புப் பிரிவுக்குத் தர மாட்டேன் என்றார். இடுப்புப் பிரிவு அதிகாரி, காலிடம் கையேந்தும் நிலை தனக்கு வரவில்லை என்றார். விற்க வந்தவர் தலையில் அடித்துக்கொண்டு, ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகவே இடத்தைச் சொல்லும்படி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது ஒவ்வொரு ஊழியருக்கும் இரண்டு இடம் கிடைத்தது. எது சரி என்று முடிவுசெய்ய மூன்றாவதாக இணைப்புப் பிரிவு வந்தது.

இணைப்பு அதிகாரி ஓய்வு பெறப் போகிறவர், யார் மனதும் கோணாமல் நடப்பவர். அவர் சொன்ன தீர்ப்பு இது.

"கால் ஒரு இடம் சொல்லுது, இடுப்பு ஒரு இடம் சொல்லுது. ரெண்டுக்கும் நட்ட நடுவுல ஆள் இருக்கார்னு வெச்சுக்குவோம். யாருக்கும் மரியாதை குறையாது."

பெரும்பாலோருக்கு இதனால் கெடுதல் எதுவும் வரவில்லை. ஒரே ஆளின் காலும் இடுப்பும் சொல்லும் இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகத்தானே இருக்கும். அவற்றின் நடுவும் அங்கேதான் இருக்கும். இரண்டு பேருக்கு மட்டும் விவகாரம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பெயர் ஒட்டிய கொலுசுகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்த கிடங்குக்காரர் படியில் தடுக்கி விழுந்தார். உதிர்ந்த பெயர்ச் சீட்டுகளில் இரண்டைப் பொறுக்கி, தோன்றியபடி ஒட்டிவிட்டார். அதில் குழாய் வேலை பார்ப்பவனின் கொலுசு தொலைபேசி ஆபரேட்டர் காலுக்கும், அவள் கொலுசு இவன் காலுக்கும் போய்ச் சேர்ந்தன. ஒட்டியாணங்கள் சரியாகவே இருந்தன.

தொடக்க விழாவில் இயக்குநர் பேசினார். "இனிமே இந்தக் கட்டடத்துல யாரும் காணாமப் போக முடியாது. அப்படியே போனாலும், எங்க காணாமப் போனாங்கன்னு நமக்குத் தெரியும். ஆளைத் தேடிப் போற வேலையே இனி கிடையாது. ஆள் இருக்காரா இல்லையாங்கறது இனிமே அவரோட சொந்த அபிப்பிராயம் இல்ல." எல்லாரும் கைதட்டினார்கள். குழாய்க்காரனும் தட்டினான்.

அவன் வேலைக்குச் சேர்ந்து சோதனைக் காலம் முடியும் தறுவாயில் இருந்தான். அந்த மாதக் கடைசியில் இயக்குநர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் ஊழியர் குடியிருப்பில் ஓர் அறையும் சமையலறையும் கிடைக்கும். அதுவரை அக்கா வீட்டுக் கூடத்தில்தான் படுக்கை. மாமா டிவி பார்த்து முடித்து எழுந்தால்தான் பாயை விரிக்க முடியும்; மாமாவோ சீக்கிரம் எழுகிற ஆள் இல்லை. நல்ல மனிதர், ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதைச் சத்தமாகச் செய்யத் தெரிந்தவர். அந்தக் கையெழுத்துக்காகக் குழாய்க்காரன் எதையும் செய்யத் தயாராக இருந்தான்.

அவன் இருப்பது கட்டடத்தின் அடித்தளத்தில், பம்ப் அறையில். எங்கே ஒழுகினாலும் மேல்மாடி மூலையிலுள்ள தொலைபேசி அறையிலிருந்து ஆபரேட்டர் கூப்பிட்டுச் சொல்வாள். அவளை அவன் கண்ணால் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் பழக்கம்.

"அஞ்சாம் மாடி கை கழுவற இடம். ஒழுகுது."

"வந்துட்டு இருக்கேங்க."

"பம்ப் ரூம் போனை எடுத்துக்கிட்டு எப்படிங்க வந்துட்டு இருப்பீங்க? வெச்சுட்டுக் கிளம்புங்க."

இவ்வளவுதான் அவர்கள் பேச்சு. ஆனாலும் போன் மணி அடித்தால் அவனுக்கு ஒரு சந்தோஷம் வரும். எங்கும் ஒழுகாத நாட்களில் பொழுது போகாது. இது ஒரு குழாய்க்காரனுக்கு வரக் கூடாத எண்ணம் என்று அவனுக்கே தெரியும்.

மாதக் கடைசியில் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். கையெழுத்துக்குத்தான் என்று தலையைப் படிய வாரிக்கொண்டு போனான். இயக்குநர் அறைச் சுவரில் பெரிய திரை. அதில் கட்டடத்தின் எல்லா மாடிகளும், எல்லா மாடிகளிலும் புள்ளிகளும் தெரிந்தன. நடு மாடியில் ஓர் அறைக்குள் இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று இருந்தன.

"இது யாரு?" என்றார் இயக்குநர்.

"தெரியல சார்."

"நீங்கதான். இது யாரு?"

"தெரியல சார்."

"அப்படித்தான் அந்தப் பொண்ணும் சொல்லிச்சு. ஒரே பதில். பேசி வெச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கீங்க."

"எந்தப் பொண்ணு சார்?"

"டெலிபோன் ஆபரேட்டர். திட்டம் ஆரம்பிச்ச நாளிலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் ஒரு அடி கூடப் பிரியல. சேர்ந்தே நடக்கறீங்க, சேர்ந்தே நிக்கறீங்க. அதுவும் முக்காவாசி நேரம் எங்க? பூட்டி வெச்சிருக்கிற விருந்தினர் அறைக்குள்ள. சோபா மேல."

குழாய்க்காரன் தரையைச் சுட்டிக் காட்டினான். "நான் கீழ பம்ப் ரூம்லதான் சார் இருந்தேன்."

"அதை இடுப்புப் பிரிவு மட்டும்தான் சொல்லுது. கால் பிரிவு நீங்க மேல டெலிபோன் ரூம்ல இருந்தீங்கன்னு சொல்லுது. இடுப்பை நம்பிக் காலைத் தள்ளிட முடியுமா? நாங்க நியாயமா நடுவுல வெச்சிருக்கோம்."

"என் இடுப்பு ஒரு இடத்துலயும் கால் ஒரு இடத்துலயும் எப்படி சார் இருக்கும்?"

"அதுக்கு நீங்கதான் விளக்கம் எழுதிக் குடுக்கணும். குடுக்கற வரைக்கும் நிரந்தரம் நிறுத்தி வெச்சிருக்கு."

அவனுடைய கால் என்று திரை நினைத்தது அவள் காலை. அவள் மேலே, அவன் கீழே. நடுவில் விருந்தினர் அறை. அவள் கணக்கிலும் இதே கதைதான். இரண்டு பேருக்கும் நடு ஒன்றுதான் என்பதால், இருவரும் எங்கே போனாலும் புள்ளிகள் பிரிய வழியே இல்லை. ஆனால் துறை முயன்று பார்த்தது. குழாய்க்காரன் பம்ப் அறையை விட்டும், ஆபரேட்டர் தொலைபேசி அறையை விட்டும் அசையக் கூடாது என்று உத்தரவு வந்தது. இருவரும் அசையவில்லை. புள்ளிகளும் சோபாவை விட்டு அசையவில்லை. அடுத்ததாக அவனை மொட்டை மாடிக்கும் அவளை வண்டி நிறுத்தும் இடத்துக்கும் அனுப்பினார்கள். புள்ளிகள் விருந்தினர் அறையிலிருந்து பக்கத்து அறைக்கு, ஜோடியாகத்தான், நகர்ந்தன.

"என்னா துணிச்சல்" என்றார் இயக்குநர். அவர் குரலில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

பிறகு விருந்தினர் அறைக்குள் ஒரு காவலாளியை உட்கார வைத்தார்கள். நாள் முழுக்க உள்ளே யாருமே வரவில்லை, தான் மட்டும்தான் இருந்ததாக அவர் வந்து சொன்னார். இயக்குநர் அவரை இரக்கத்துடன் பார்த்தார்.

"உங்க கண்ணுக்கு ஏதாவது சான்றிதழ் இருக்கா?"

"இல்லீங்க ஐயா."

"கருவிக்கு இருக்கு."

காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

விசாரணை வைத்தார்கள். குழாய்க்காரன் கூடத்துக்குள் போனபோது அவள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி, இறுக்கிக் கட்டிய பின்னல், காதில் எந்நேரமும் போனை வைத்து வைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே பழகிய தலை. அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா அந்த வந்துட்டு இருக்கேன்?"

"ஆமாங்க" என்றான்.

கால் பிரிவு அதிகாரி எழுந்து, தன் பிரிவின்படி இவன் கால் மேல்மாடியில் போன் நாற்காலிக்கடியில்தான் இருந்தது, அதில் ஐயமே இல்லை என்றார். இடுப்புப் பிரிவு அதிகாரி எழுந்து, இவன் இடுப்பு அடித்தளத்தை விட்டு நகரவே இல்லை, காலைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்றார். இணைப்பு அதிகாரி இரண்டு பேரையும் பார்த்துக் கும்பிட்டார்.

ஆபரேட்டர் கையைத் தூக்கினாள். "சார், இவர் கால் என் நாற்காலிக்கடியில இருக்கு. என் கால் இவர் பம்ப் ரூம்ல இருக்கு. கொலுசு மாறிப் போச்சுன்னு அர்த்தம். இப்பவே கழட்டி மாத்திக்கிட்டா முடிஞ்சுது."

கால் பிரிவு அதிகாரி கனிவோடு சிரித்தார்.

"அது எங்களுக்கு முதல் வாரமே தெரியும்மா. ஆனா மாறிப் போச்சுன்னு நாங்க ஒத்துக்கிட்டா இடுப்புப் பிரிவு ஜெயிச்ச மாதிரி ஆயிடும்."

"எங்களுக்கும் தெரியும்" என்றார் இடுப்புப் பிரிவு அதிகாரி. "ஆனா கால் பிரிவு தப்புன்னு வெளிய தெரிஞ்சா திட்டத்தையே நிறுத்திடுவாங்க. அப்புறம் நான் எங்க உக்காரது?"

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "திட்டம் நூத்துக்கு நூறு துல்லியம்னு மேலிடத்துக்கு எழுதியாச்சு. விருது குடுக்க ஆள் வர்றாங்க. இந்த நேரத்துல உண்மையைக் கண்டுபிடிக்கறது துறைக்கு நல்லதில்ல. நான் வேற வழி பாத்து வெச்சிருக்கேன். ரெண்டு ஊழியர்கள் எப்பவும் ஒரே இடத்துல இருக்கலாம்னு அனுமதிக்கிற விதி நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. தம்பதியர் விதி. கணவன் மனைவியை ஒரே இடத்துல வெச்சிருக்கறது துறையோட கடமை. அதனால, நீங்க ரெண்டு பேரும் கல்யாணச் சான்றிதழ் குடுத்துட்டா குற்றமும் இல்ல, தப்பும் இல்ல. நிரந்தரமும் அன்னைக்கே."

"கல்யாணம் பண்ணிக்கலன்னா?" என்றாள் ஆபரேட்டர்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கறது ஒழுக்கக்கேடு. நான் யாரையும் வற்புறுத்தல. வேலை வேணுமா வேணாமாங்கறது உங்க சுதந்திரம்."

குழாய்க்காரன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"எத்தனை ஜாதகம், எத்தனை போட்டோ. நான் அலைஞ்சு அலைஞ்சு கால் தேஞ்சுது. உங்க ஆபீஸ் மெஷின் ஒரே மாசத்துல பாத்து முடிச்சிருச்சா? பொண்ணு எப்படிடா?"

"அதட்டுவா."

"அப்ப சரி" என்றாள் அக்கா. மாமா டிவியைக் கொஞ்சம் சீக்கிரமே அணைத்தார்.

மறுநாள் பம்ப் அறையில் போன் அடித்தது.

"எங்கங்க ஒழுகுது?" என்றான்.

"எங்கயும் ஒழுகல" என்றாள். "அந்தாளு சொன்னார்ங்கறதுக்காக நான் கழுத்தை நீட்ட மாட்டேன். அதை முதல்ல தெரிஞ்சுக்குங்க."

"நானும் அதுக்காகக் கேக்க மாட்டேங்க. இந்த வேலை இல்லன்னா வேற எங்கயாவது குழாய் ஒழுகாமலா இருக்கும்." இதைச் சொல்லும்போது ஊழியர் குடியிருப்பும் அக்கா வீட்டுக் கூடமும் கண்முன் வந்து போயின. ஆனாலும் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு, மனதிலிருந்ததையும் சேர்த்தே சொல்லிவிட்டான். "ஆனா நீங்க கூப்பிடாத நாள் எனக்கு நல்லாவே இருக்காதுங்க. எங்கயாவது ஒழுகாதான்னு இருக்கும்."

மறுமுனையில் அவள் சிரிப்பது கேட்டது. அவள் சிரித்து அவன் கேட்டதில்லை.

"அஞ்சாம் மாடிக் குழாய் ஒழுகவே இல்ல" என்றாள். "பாதி நாள் சும்மாதான் சொன்னேன்."

"அதான் போய்ப் பாத்தா நல்லா இருந்துதா."

"நல்லா இருந்த குழாய்க்கு வாஷர் மாத்திட்டு வந்தீங்களே, அதையும் கேள்விப்பட்டேன்."

இருவரும் சேர்ந்து இயக்குநரிடம் போனார்கள். சம்மதம்தான், ஆனால் ஒரு நிபந்தனை என்றாள் அவள். தாங்கள் இத்தனை நாள் ஒன்றாக இருந்த அறையை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். இயக்குநர் யோசித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். விருந்தினர் அறையில் சோபாவுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. விருந்தினர் யாரும் இதுவரை வந்ததில்லை. இருவரும் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள்; உறை சரசரவென்று சத்தம் போட்டதில் வெட்கம் கொஞ்சம் குறைந்தது. எந்த ஊரில் படித்தாள், கண்ணாடி எப்போதிலிருந்து, அவன் கையில் அந்தத் தழும்பு எப்படி வந்தது என்றெல்லாம் பேசினார்கள். மேலே திரை அவர்களை அதே சோபாவில் காட்டியது. திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவர்களைப் பற்றி அது சொன்ன ஒரே உண்மை அதுதான்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சான்றிதழைப் பார்த்ததும் இயக்குநர் நிரந்தரக் கையெழுத்தைப் போட்டார். குடியிருப்புச் சாவியும் கிடைத்தது. விருது வழங்க வந்தவரிடம் இயக்குநர் திரையைக் காட்டி, "ஊழியர்கள் எங்க இருக்காங்கன்னு மட்டும் இல்ல, யாரோட இருக்கணும்னும் நம்ம கருவி முன்கூட்டியே சொல்லிடுது" என்றார். வந்தவர் அசந்துபோனார். விருதைக் கொடுத்ததோடு நிற்காமல், எல்லாருக்கும் புதுக் கருவிகளும் அனுப்பி வைத்தார். அவற்றில் பெயர்கள் தொழிற்சாலையிலேயே அச்சாகி வந்தன. கிடங்குக்காரருக்கு ஒட்டுவதற்கு எதுவும் இல்லை.

புதுக் கொலுசு கட்டிய அன்று காலையே இரண்டு புள்ளிகளும் பிரிந்தன. ஒன்று அடித்தளத்தில் நின்றது, மற்றது மேல்மாடியில் நின்றது. இயக்குநர் துடித்துப்போய் இருவரையும் கூப்பிட்டார்.

"கல்யாணமாகி ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள என்ன மனஸ்தாபம்?"

"ஒண்ணும் இல்லையே சார்" என்றான் குழாய்க்காரன்.

"மறைக்காதீங்க. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தனித்தனியா இருக்கீங்க. பேசிக்கறது கூட போன்லதான். கல்யாணத்துக்கு முன்னாடி எப்படி இருந்தீங்க, நானே பாத்தேனே. தம்பதியர் விதியில உங்களை நிரந்தரம் பண்ணியிருக்கேன். தம்பதி சேர்ந்து இல்லன்னா நிரந்தரம் செல்லாது."

"அப்ப நாங்க என்ன சார் பண்ணணும்?" என்றாள் அவள்.

உத்தரவு மத்தியானமே வந்துவிட்டது. குழாய்க்காரனின் பட்டறை மேசை, குறடு, குழாய்த் துண்டு எல்லாம் தொலைபேசி அறைக்குப் போகும். அலுவலக நேரத்தில் கணவன், மனைவியை விட்டு எக்காரணம் கொண்டும் அறையைத் தாண்டிப் போகக் கூடாது. மீறினால் நிரந்தரம் ரத்து. கீழே இயக்குநரின் கையெழுத்தும், கால், இடுப்பு, இணைப்பு மூன்று பிரிவுகளின் முத்திரையும் இருந்தன.

தொலைபேசி அறை நல்ல காற்றோட்டமான அறை. அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பழைய குழாய்களைத் துடைத்து வைத்தான். அவள் ஒழுகுகிறது என்று வரும் அழைப்புகளை வாங்கி, அவனிடம் சொல்லி, அவன் வர முடியாது என்று திருப்பிச் சொன்னாள். அஞ்சாம் மாடி உண்மையிலேயே ஒழுகத் தொடங்கியது. அதற்கு நேர் கீழே இருப்பது இயக்குநர் அறை.

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது.

"நான் இயக்குநர் பேசறேன். கூரையிலேர்ந்து தண்ணி கொட்டுது. உன் வீட்டுக்காரரை உடனே அனுப்பும்மா."

"அனுப்ப முடியாதுங்க சார். அவர் என்னை விட்டு வந்தா நிரந்தரம் போயிடும்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"இது அவசரம்மா."

"அவசரத்துக்குத் தனி விதி இருக்கான்னு பாக்கறீங்களா சார்? நான் லைன்லயே இருக்கேன்."

மறுமுனையில் ஈரக் காகிதம் புரளும் ஓசை கேட்டது. பிறகு எதுவோ பெரிதாக இடிந்து விழுந்தது. கூரையின் ஒரு பலகையாக இருக்கலாம்.

"அப்ப ரெண்டு பேருமே வாங்க. சேர்ந்தே வாங்க" என்றார் இயக்குநர்.

லிப்ட் இருந்தது. ஆனாலும் அவர்கள் கையைக் கோத்துக்கொண்டு படிக்கட்டிலேயே இறங்கினார்கள். இயக்குநர் மேசைமேல் ஏறி நின்று, குடையைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். இரண்டு புள்ளிகளும் இருக்கிற இடம் துல்லியமாகத் தெரிந்தது. ஒவ்வொரு மாடியிலும் நின்று, ஜன்னல் வழியே எதையோ வேடிக்கை பார்த்துவிட்டு, மெதுவாக வந்துகொண்டிருந்தார்கள். சீக்கிரம் வரச் சொல்லலாம் என்று அவர் போனை எடுத்தார். தொலைபேசி அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதை எடுக்க வேண்டியவள், அவருடைய உத்தரவுப்படி, கணவனோடு படிக்கட்டில் இருந்தாள்.